அருகே விமான நிலையம்

கானாடுகாத்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள்.
ட்ரோன் தரையை விட்டு எழவில்லை.
சிவப்பு விளக்கு: அருகே விமான நிலையம்.

யுத்த காலத்து ஓடுதளம் அது.
எங்கள் பக்கம் பாதிப் பேர்
கார் பழகியது அங்கேதான்.
கடைசியாக விமானம் இறங்கியதைப் பார்த்த ஆள்
விசாரித்தாலும் கிடைக்காது.

கம்பெனிக்கு எழுதினேன்.
பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு புகார் எண்.
"உங்கள் சிரமம் புரிகிறது" என்றாள் மிலா.
ஆனாலும் நிலைய அதிகாரியின்
ஆட்சேபணையில்லாக் கடிதம் வேண்டுமாம்.

ஓடுதளத்தில் அன்று இருந்த ஒரே ஆள்
ஆடு மேய்த்த வெள்ளைக்கண்ணு.
என் பில் புத்தகத்தை வாங்கி எழுதினார்:
'பறக்கலாம். ஆட்டை மிரட்டப்படாது.'
கையெழுத்து, தேதி, எல்லாம் சரியாக.
படமெடுத்து அனுப்பினேன்.

திருப்பூட்டியதை
மேல்மாடியிலிருந்து வளவுக்குள் எட்டிப் பார்த்து எடுத்தேன்.
ஓடு வந்தது. வானம் வந்தது.
பெண்ணின் முகம் பாதி.
பேசிய பணத்திலும் பாதி.

நான்காம் நாள் மிலா எழுதினாள்:
அனுமதி, முப்பது நிமிடம்,
அவள் ஊர் நேரப்படி.
இங்கே இரவு இரண்டரை.

விளக்கு பச்சை.
அவள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று
கீழே கேட்டிருந்தது.
வாசலுக்கு வந்து அண்ணாந்தேன்.
எண்ணத் தொடங்கினேன்.