முப்பதோ, முப்பத்தொண்டோ

யோகறஞ்சன் சலூனில் ரீவி முதுகுப் பக்கம்.
கதிரையில் இருக்கிறவன் கண்ணாடியில்தான் பார்க்கலாம்.
அதனால் எனக்கு
ஆணைக்குழுத் தலைவர் இடக்கையால் எழுதினார்.
கீழே ஓடிய தமிழ் எழுத்துகள்
முகத்தைத் திருப்பிக்கொண்டு
இடமிருந்து வலமாய்ப் போயின.

கன்னத்தில் பாதி நுரை.
வாங்கில் ஆறு பேர், முடி வெட்ட வந்தது இரண்டு பேர்.
மிச்சப்பேர் விசாரணைக்கு வந்தவர்கள்,
அழைப்பாணை இல்லாமல்.

சாட்சிக் கதிரையில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி.
நல்ல கழுத்துப்பட்டி. மகள் தெரிந்தெடுத்திருப்பாள்.
முதல் கேள்விக்கே சொன்னார்:
"மத்தக்க நே."
அதுக்கு எங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.
ஞாபகமில்லை என்று நாங்கள் சொன்ன காலத்தில்
ஒருவரும் எங்களை விட்டுவிட்டு
அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

மிச்சச் சிங்களத்துக்குக் கிளறன்ஸ் இருக்கிறான்.
எங்கை படிச்சனி என்று கேட்டால்
"வெலிக்கடைப் பல்கலைக்கழகம். ஏழு வருசம்.
பட்டம் தரேல்லை" என்பான்.

பந்தயத்தைத் தொடக்கினது லோஜிதன்.
மத்தியான இடைவேளைக்குள் எத்தனை 'மத்தக்க நே'?
தோற்றவர்கள் எல்லாருக்கும் றோல்ஸ்.
நான் இருபது. லோஜிதன் முப்பது.
கிளறன்ஸ் யோசித்து, முப்பத்தொண்டு.
யோகறஞ்சன் நுரையை விரலில் தொட்டுக்
கண்ணாடி ஓரத்தில் கோடு போடத் தொடங்கினான்.

பத்தாவதுக்குக் கை தட்டினார்கள்.
பதினாறாவதில் "தம்பிக்கு வல்லாரைச் சம்பல் குடுங்கோ"
என்று வாங்கில் இருந்து ஒரு குரல்.
இருபதில் நான் கத்தினேன்: "காணும், நிப்பாட்டு!"
அதிகாரி நிப்பாட்டவில்லை.
சிரித்தபோது சவரக்கத்தி என் தாடையில்
மெல்லிசாய் ஒரு சிவப்பு வைத்தது,
படிகாரம் தேய்த்துவிட்டு அடுத்த கோடு போட்டான்.
ஒரு கிரிக்கெட் மச்சுக்குக்கூட
இந்தச் சந்தியில் இப்படிச் சத்தம் கேட்டதில்லை.

முப்பது.
லோஜிதன் எழும்பி நின்று கும்பிட்டான்.

அதுக்குப் பிறகு அந்தப் பெண் சட்டத்தரணி
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக்
கடுதாசியைப் பார்க்காமல் கேட்டாள்.
நீளமான சிங்கள வசனம்.
நடுவில் ஒரு சொல், மூன்று துண்டாய் உடைந்து:
தட்டா. தெரு. சந்தி.

கிளறன்ஸ் வாயைத் திறந்தான், மூடினான்.
"என்னவாம்?" "சொல்லடா."
"பங்குனி மாசமாம். பேக்கரி வானாம்.
இதிலை வைச்சு ஏத்தின ரெண்டு பேர்..."
மீதியை விட்டுவிட்டான்.

வாசலில் லொத்தர் ரிக்கெற் விற்கிற மங்களேஸ்வரி
காலையில் இருந்து ஒருக்காலும்
உள்ளே எட்டிப் பார்க்காதவள்,
பலகையோடு படியில் ஏறி நின்றாள்.
கண்ணாடியில் அவள் தலைகீழாய் இல்லை, நேராய்த்தான் தெரிந்தாள்,
ஆனால் இடம்மாறி,
அந்த அதிகாரிக்குப் பக்கத்தில்.

"தம்பி, என்ன சொல்லுறான்?"

ரீவியில் ஒரு கை குவளையைத் தேடியது.
"ஒண்டும் சொல்லேல்லை அக்கா.
தண்ணி குடிக்கிறான்."

"குடிக்கட்டும்" என்றாள்.
"நல்லாக் குடிக்கட்டும்."
இறங்கிப் போய்விட்டாள்.
"நாளைக்குச் சீட்டிழுப்பு, நாளைக்கு"
என்ற குரல் றோட்டில் கேட்டது,
வழமையான சுருதிதான்.

இடைவேளை. சவர்க்கார விளம்பரம்.
"தலையைக் குனிஞ்சவன்தானே,
அதையும் ஒண்டெண்டு போடு" என்றான் லோஜிதன்,
தான் தோற்பது தெரிந்தே.
"கிளறன்ஸ் அண்ணை வெண்டிட்டார்."

"அது சேராது" என்றான் கிளறன்ஸ்.
"அந்த ஒரு கேள்விக்குத்தான்
அவனுக்கு ஞாபகம் வந்தது."

யோகறஞ்சன் விரலில் நுரையோடு
கொஞ்சநேரம் நின்றான்.
முதல் போட்ட கோடுகள் அதுக்குள்
வழிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

றோல்ஸ் வாங்க ஒருவரும் போகவில்லை.
வீட்டுக்கு வந்து பார்த்தேன்:
இடப்பக்கக் கிருதா
வலதை விட அரை விரல் கட்டை.
திரும்பிப் போய்ச் சொல்லவில்லை.