இரண்டு முதல் எட்டு டிகிரி

குன்னூர் நர்சரிக்காரர் பெயர் சொன்னார்: ஹோஸ்டா.
எந்த ஊர் என்று கேட்டார். தேவகோட்டை என்றேன்.
வாங்கின நோட்டைத் திருப்பி என் கையில் வைத்தார்.
"நிழல் மட்டும் பத்தாதும்மா இதுக்கு.
வருஷத்துல மூணு மாசம் குளிர்ல தூங்கணும்.
தூங்காட்டி அடுத்த வருஷம் வராது."

நிழல் என்னிடம் இருந்தது.
மருந்துக்கடைக்குப் பின்னால்
இரண்டு பெரிய வீட்டுச் சுவர்களுக்கு நடுவே
ஒரு சைக்கிள் போகிற அகலத்தில் சந்து.
சித்திரை வெயில்கூட அங்கே உச்சிப்பொழுதில் இறங்கி
ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றுவிட்டுப் போய்விடும்.
சுவரைத் தொட்டால் கழுவின தட்டு மாதிரி வழவழக்கும்.
கட்டும்போது அதற்கு
முட்டை வெள்ளைக்கரு ஊட்டினார்களாம்.

தண்ணீர்தான் பாடு.
போர் தண்ணீர் வாளியில் வெள்ளைக் கோடு விடும்,
இலை ஓரத்தில் பழுப்புக் கோடு விடும்.
பக்கத்து ஏடிஎம்மின் ஏசி
இரவு பகலாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.
குழாயடியில் பெயிண்ட் டப்பா வைத்தேன்.
உள்ளே யார் யாரோ பணம் எடுத்தார்கள்.
வெளியே இது குடித்தது.

பதினொரு இலை.
நீலம் கலந்த பச்சை, ஒவ்வொன்றும் ஒரு கை விரிப்பு.

ஐப்பசி மழையில் நத்தைகள் வந்தன.
விடிந்தபோது நரம்பு மட்டும் மிச்சம்,
ஜன்னல் கம்பி மாதிரி.
மருந்துக்கடைக்காரிக்கு விஷம் தெரியாதா?
தெரியும். ஆனால் நத்தை பொறுக்க
அந்தச் சந்துக்கு ஒரு செம்போத்து வருகிறது.
இலியாஸ் புரோட்டாக்கடையில் முட்டை ஓடு கேட்டு வாங்கி
நொறுக்கிச் சுற்றிலும் போட்டேன்.
வெள்ளைக்கரு சுவருக்கு,
ஓடு செடிக்கு.

கார்த்திகை பிறந்ததும் இலைகளை வெட்டி,
வேரை உதறி, ஈரத் தேங்காய்நாரில் சுற்றி
கடை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன்.
மேலே இன்சுலின், நாய்க்கடி ஊசி.
இரண்டு முதல் எட்டு டிகிரி.
எல்லாருக்கும் ஒரே குளிர்தானே என்று நினைத்தேன்.

ஆய்வாளர் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார், கதவைத் திறந்தார்.
"இது என்ன மருந்து?"
"வேர் சார். தூங்குது."
"மருந்து வைக்கிற இடத்துல மண் இருக்கக் கூடாது."
நியாயம்தான். எழுதிக்கொண்டார்.
படி இறங்கும்போது திரும்பி,
"எப்ப முழிக்கும்?"
மாசியில் என்றேன்.

கழுவி, டப்பாவில் போட்டு இறுக மூடினேன்.
வெளியே எடுக்கவில்லை. தப்புதான்.

மார்கழிக் காற்றில் டிரான்ஸ்ஃபார்மர் போனது.
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
ஐஸ் பெட்டி ஒன்றுதான் இருந்தது.
கண்டக்டர் சூசை, தையல்கார வள்ளிக்கண்ணு,
எட்டாவது படிக்கிற நாச்சியப்பன்,
சீட்டில் மொத்தம் நாற்பத்தொரு பேர்.
வேருக்கு இடமில்லை.
நான் யோசிக்கக்கூட இல்லை.
பிறகு உறுத்தியது அதுதான்,
கை எவ்வளவு சுருக்காய் அதை எடுத்து வெளியே வைத்தது.

கரண்ட் வந்தபோது
நாருக்குள் அரிசி மாதிரி ஒரு வெள்ளை முனை.
ஏழு வாரம் தூங்கியிருக்கிறது. பன்னிரண்டு வேண்டும்.
தூங்க வைக்க என் கடையில் மாத்திரை உண்டு,
மனிதருக்கு, அதுவும் சீட்டு இருந்தால்.

சந்திலேயே நட்டேன்.
மூன்று இலை. குழந்தை உள்ளங்கை அளவு.

மாசியில் ஆய்வாளர் வந்தார்.
தெர்மாமீட்டரைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார்,
கீழ்த்தட்டைப் பார்த்தார்.
"அது?"
பின்கதவைத் திறந்துவிட்டேன்.
பேண்ட் முட்டியை இழுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.
முட்டை ஓட்டை விரலால் தொட்டார்.
எண்ணுகிறார் என்று உதடு அசைவதில் தெரிந்தது.
மூன்றை எண்ண அவ்வளவு நேரம் ஆகாது.

ஏடிஎம்மில் பணம் இல்லை என்று
போன வாரமே எழுதி ஒட்டிவிட்டார்கள்.
ஏசியை நிறுத்த மறந்துவிட்டார்கள்.
சொட்டுகிறது.