நான்கு நிமிடம் பதினோரு வினாடி

ஸ்ட்ரிகூஃபில் இரண்டு நெடுஞ்சாலைகள்
ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில்
எங்கள் கிடங்கு.
ஜன்னல் கிடையாது. வெளியே பனி விழுவது
லாரிக்காரர்களின் தோளைப் பார்த்துத்தான் தெரியும்.

என் வேலை திரையைப் பார்ப்பது.
எழுநூற்று நாற்பது ஆரஞ்சுப் புள்ளிகள்.
ஒவ்வொன்றும் ஓர் அலமாரியை முதுகில் ஏற்றி
ஓடுகிற இயந்திரம்.
அவற்றுக்கு வெளிச்சம் தேவையில்லையென்று
வேலிக்கு உள்ளே விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள்.
மின்கட்டணத்தில் மிச்சம் எவ்வளவு என்று
கூட்டம் போட்டுச் சொன்னார்கள்.
கைதட்டினோம். நானும்தான்.

அந்த இருட்டுக்குள் இரவில் போகக்கூடிய ஒரே ஆள்
ஹால்ஷ்கா.
அலமாரியிலிருந்து ஏதாவது தவறி விழுந்தால்
சட்டைக்கு மேல் அந்த அங்கியை மாட்டி
நெற்றி விளக்கோடு போவாள்.
அங்கிக்குள் ஒரு சில்லு.
அது இருக்கும் இடத்தைச் சுற்றி எதுவும் நகரக் கூடாது.
அவள் அடி வைக்க வைக்க
முன்னால் உள்ள புள்ளிகள் சிவந்து நிற்கும்,
பின்னால் உள்ளவை பெருமூச்சுவிட்டுக் கிளம்பும்.
(பெருமூச்சு நான் சேர்த்தது.)

முன்பு அவளும் பொருள் எடுப்பவள்.
இரவுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் நடை.
முழங்காலில் இரண்டு முறை ஊசி.
"இதுங்க வந்துதான் என் மூட்டு பிழைச்சுது" என்பாள்.
அறுபத்திரண்டு பேர் ஒன்பது பேரானதையும்
அதே மூச்சில் சொல்வாள்.
இரண்டும் சரியான கணக்கு.
கூட்டிப் பார்க்கத்தான் எனக்கு வரவில்லை.

ஒற்றைச் செருப்பு, நாய்க்கான மாத்திரை,
ஒருமுறை ஒரு தேன் பாட்டில்.
சக்கரத்தில் தேன் அப்பிய இயந்திரம்
விடியும்வரை தரையெங்கும் இனிப்பாய்க் கோடு போட்டது.
எறும்புகூட வராத கட்டடம்.

ஜனவரியில் ஓர் இரவு, மூன்று இருபது.
பதினேழாம் கட்டத்தில் ஏதோ விழுந்திருப்பதாகத் திரை சொன்னது.
போனாள்.
நின்றாள்.
ஒரு நிமிடம். ஒன்றரை.
சுற்றிலும் சிவப்பு. அதற்குப் பின்னால் வந்தவையும் சிவப்பு.
கல் விழுந்த குளம்போல
அசைவின்மை பரவிப் பரவி
சுவரைத் தொட்டது.

"ஹால்ஷ்கா, கேக்குதா?"

"கேக்குது. நீ பேசாத.
உக்காந்திருக்கேன்.
சத்தமே இல்ல இங்க."

என் வலது கைப்பக்கம் ஒரு பொத்தான் உண்டு,
காவலாளியை அழைக்க.
விரலை அதன் மேல் வைத்திருந்தேன்.
எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

நான்காவது வாயிலில் ஒரு லிதுவேனியக்காரர்
லாரிக்குச் சாய்ந்து
இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைத்தார்.
போஸ்னானிலிருந்து ரதோஸ்வாவ் கூப்பிட்டார்.
அங்கே அவர் திரையிலும் எல்லாம் சிவப்பு.
"செத்துட்டாங்களா யாராவது?"
"இல்ல சார்."
"அப்புறம்?"

அவள் வெளியே வந்தாள்,
கையை மூடியபடி.
விழுந்ததைப் போடும் தட்டில் திறந்தாள்:
வெள்ளைச் சட்டைப் பொத்தான், நான்கு துளை,
துளையில் இன்னும் நூல்.
கேமரா நான்கு பக்கமும் படம் பிடித்து
யோசித்தது.
இனங்காண முடியாத பொருள்.

அங்கியைக் கழற்றி மாட்டும்போது பார்த்தேன்:
அவள் சட்டையில் மூன்றாவது இடம்
திறந்திருந்தது.

தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.
'பொத்தான்' என்று தட்டினேன்.
விழுந்தது பொத்தான்தான்.
எப்போது விழுந்தது என்று
படிவம் கேட்கவில்லை.

அது இப்போது இனங்காணாத பொருட்களின் அலமாரியில் இருக்கிறது.
தரை ஒரே இடத்தில் தேயாமலிருக்க
அந்த அலமாரியையும் வாரம் ஒருமுறை
தூக்கிப்போய் வேறிடத்தில் வைக்கிறார்கள்.
இயந்திரங்களைச் சொல்கிறேன்.
'வைக்கிறார்கள்' என்று வந்துவிட்டது.

செவ்வாய் இரவுகளில் அந்த ஒரு புள்ளியை மட்டும்
கண்ணால் தொடர்கிறேன்.
யாரும் கேட்டனுப்பாத ஒரு பொத்தானைச் சுமந்து
வளைவில் நின்று, மற்றதற்கு வழிவிட்டு,
வெகு பொறுப்பாகப் போகிறது.

ஹால்ஷ்கா ஊக்கு குத்தியிருக்கிறாள்.
அதே சட்டை.