ஒன்பதாவது கட்டம்

படிவத்தில் மொத்தம் பதினான்கு கட்டங்கள்.
ஒன்பதாவது: எல்லையைக் கடந்த இடம்.
கடக்கவில்லை என்று எழுதக்
கட்டம் இல்லை.

குந்தலஹள்ளிக்குப் பின்னால், ஏரி இருந்த பள்ளத்தில்
தார்ப்பாயும் ஃப்ளெக்ஸுமாய் நாற்பது ஷெட்.
போன தேர்தலில் தோற்றவரின் சிரிப்பு
ஒரு வீட்டுக்குக் கூரை.
விடியற்காலை நாலரைக்குப் போனோம்.
பாதிப் பேர் அதற்குள் குப்பை எடுக்கக் கிளம்பியிருந்தார்கள்.

மொய்னா பீபி ஜவுளிக்கடைப் பை ஒன்றை நீட்டினாள்.
ஆதார், ரேஷன், வாக்காளர் அட்டை,
பையனின் தடுப்பூசிச் சீட்டு.
ஒன்றில் மொய்னா, ஒன்றில் மைனா,
ஒன்றில் மயினா காத்தூன்.
மூணு பேரா நீ என்றார் எஸ்.ஐ. நஞ்சேகவுடா.
நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.
ஞானஸ்நானச் சீட்டில் நான் இருதயராஜ்,
பள்ளிக்கூடத்தில் இருதயராஜு,
சர்வீஸ் புத்தகத்தில் ஹிருதயராஜா.
மூவருக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

தண்ணிக்கு என்ன சொல்லுவே?
யாரோ டிவியில் சொல்லிக்கொடுத்த பரீட்சை.
ஒரு சொல் வந்தால் இந்தப் பக்கம்,
இன்னொன்று வந்தால் அந்தப் பக்கம்.
பன்னிரண்டு வருஷமாய் இங்கே இருப்பவள்
பயத்தில் கன்னடத்தில் சொன்னாள்:
நீரு, சார்.

அதை எந்தப் பக்கத்தில் குறிக்க?

தொண்ணூற்றொன்று டிசம்பர், எனக்கு ஒன்பது வயது.
தங்கவயல் ரயிலில் வந்து இறங்கி
சிவாஜிநகர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.
கம்புகளோடு ஏறியவர்கள்
ஒவ்வொரு சீட்டிலும் நின்று ஏதோ கேட்டார்கள்.
என் வாயைப் பொத்திய அப்பாவின் உள்ளங்கையில்
பீடி வாசனை.
அன்றைக்கும் தண்ணீர்தான் வழக்கு.

எஸ்.ஐ.யிடம் இதைச் சொல்லவில்லை.
அவர் கெட்டவரும் இல்லை.
காய்ச்சலில் கிடந்த பையனுக்கு
மாத்திரை வாங்கச் சொல்லி ஐம்பது ரூபாய் கொடுத்தார்,
பிறகு அம்மாவை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

ஸ்டேஷனில் ஒன்பதாவது கட்டம்.
எந்த எல்லை சார்? கே.ஆர்.புரத்துல இறங்கினேன்.
அப்படியே எழுதினேன்:
கே.ஆர்.புரம், மூன்றாவது பிளாட்பாரம்.
ஃபைல் பறந்து என் மார்பில் விழுந்தது.

ராத்திரி மெஸ் டிவியில்
எட்டுப் பேர் எட்டுக் கட்டங்களில் நின்று கத்தினார்கள்.
வேலி, நதி, ட்ரோன், ஓட்டை.
ஓட்டை இருக்கத்தான் செய்யும், நானும் நம்புகிறேன்.
இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் அது.
என்னிடம் இருந்தது
மூடி தொலைந்த ஒரு பேனா.

இரண்டு நாள் வைத்திருந்து அவளை அனுப்பினோம்.
அதற்குள் ஜேசிபி வந்து ஷெட்டுகளை வழித்துவிட்டது;
யார் உத்தரவு என்று எங்களுக்கு எழுத்தில் இல்லை.
புகார் கொடுத்த அடுக்குமாடிச் செயலாளர்
ஐந்தாம் நாள் போன் செய்தார்:
சார், குப்பை எடுக்க எப்போ வருவாங்க?

இருபத்திரண்டாம் நாள்
டோம்கல் காவல் நிலையத்திலிருந்து பதில்.
வட்ட முத்திரை, கையால் எழுதிய பெங்காலி, ஒன்றரைப் பக்கம்.
படித்துச் சொல்ல ஸ்டேஷனில் ஆள் இல்லை.
ஏரிப் பள்ளம் வரை வண்டியை எடுத்துப் போய்
அங்கே நின்றபிறகுதான்
எனக்கு உறைத்தது.

அவள் நம்பர் அணைந்திருக்கிறது,
முதலில் கன்னடத்தில், அப்புறம் இங்கிலீஷில்.
சரிபார்க்க என்று வாங்கிய ஜவுளிக்கடைப் பை
என் டிராயரில் இருக்கிறது.
தடுப்பூசிச் சீட்டில் அடுத்த தேதி மார்ச் பதினெட்டு.

இன்றைக்குப் பதினாறு.