உதடு இல்லாத பாத்திரம்

புடாபெஸ்ட்டில் ஒரு நிலவறை ஒலிக்கூடம்.
திரையில் விண்கலம். அதில்
தனித்துவிட்ட பச்சைத்தோல் குழந்தை,
அதை எடுத்து வளர்க்கும் பழைய சரக்கு ரோபோ.
ரோபோவுக்குக் குரல் இல்டிகோ.
குழந்தைக்கு போக்லார்கா, வயது ஒன்பது,
இல்டிகோ வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம்.

காட்சி நாற்பத்தொன்று.
"நீ என் அம்மா இல்லை."
முதல் தடவையே விழுந்தது,
வாயசைவுக்கு மயிரிழை பிசகாமல்.
ஒத்திகையே பார்க்கவில்லை இங்கே.
வீட்டில் பார்த்திருப்பாள்.

அடுத்து ரோபோவின் வரி:
"பதிவேட்டில் அப்படி இல்லை."
ரோபோவுக்கு உதடு கிடையாது.
எவ்வளவு நேரமும் சும்மா இருக்கலாம்,
எதைச் சொன்னாலும் பொருந்தும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
பொத்தானில் என் விரல்.

தலைக்கு மேலே தெருவில் டிராம் கடந்தது.
இல்டிகோ காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.
"தெரியும். சூப் ஆறுது, வா."

காகிதத்தில் சூப் இல்லை.
அந்த விண்கலத்தில் அடுப்பே இல்லை.
இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் போக்லார்கா,
ஒலிவாங்கியை விட்டு நகராமல்,
"என்ன சூப்?"

டிராமோடு அப்படியே வைத்துக்கொண்டேன்.
விண்வெளியில் டிராம் ஓடுகிறதே என்று
இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.