ஒரு பக்கம் மட்டும்

ஷோகாகாத் பெல்ட்டை மேசைமேல் போட்டாள்,
செத்த பாம்பைத் தூக்கி வந்தவள்போல,
கையுறை கழற்றாமல்.
"டிசம்பருக்குப் பிறகு இது மூன்றாவது" என்றாள்.
"அஷோட்ஸ்க் இறக்கத்தில், பள்ளிக்கூடம் தாண்டி.
முதலில் பேட்டரி விளக்கு. அப்புறம் ஸ்டீயரிங் கல்லானது.
பின்னால் நாற்பது கிலோ பாலாடைக்கட்டி.
மைனஸ் பத்தொன்பது. அது கெடவில்லை.
நான்தான் விறைத்துப் போனேன்."

கும்ரியில் பிப்ரவரி என்றால்
பட்டறைக் கதவைத் திறந்து மூடுவதற்குள்
ஒரு கட்டை விறகு வீண்.
ஓப்பலின் மூக்கை மட்டும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.
வால் தெருவில் நின்றது. பனி அதன்மேல் உட்கார்ந்தது.

சந்தையில் பெல்ட் விற்கும் கெவோர்க்கை
அவள் ஏற்கெனவே திட்டித் தீர்த்திருந்தாள்.
போலிச் சரக்கு, போலி முத்திரை, போலி மீசை.
நானும் தலையாட்டினேன்.
தலையாட்டுவது எளிது,
குனிந்து பார்த்தால்தான் இடுப்பு வலிக்கும்.

விளக்கடியில் பெல்ட்டைத் திருப்பினேன்.
வெடிப்பு இல்லை. எண்ணெய் பட்ட வழவழப்பு இல்லை.
ஆறு வரிகளில் ஐந்து புதுக்கருக்கு மாறாமல் இருந்தன.
ஆறாவது மட்டும், ஒரு பக்கத்து ஓரம் மட்டும்,
எலி கடித்த பாய்போல நூல்நூலாக.
வயதாகிச் சாகிற பெல்ட் இப்படிச் சாகாது.
ஏதோ ஒன்று அதை
நாள் முழுக்க ஒரே பக்கமாகத் தள்ளியிருக்கிறது.

இழுத்துப் பிடிக்கும் கையை நெம்பினேன்,
போய்த் திரும்பி வந்தது, நல்ல கதவுபோல.
நடுச் சக்கரத்தைச் சுண்டினேன்,
சத்தமில்லாமல் சுற்றிச் சலித்து நின்றது.
ஏசிக் கப்பி, இந்த ஊரில் அதற்கு வேலையே கிடையாது,
ஆனாலும் அசைத்தேன். ஆடவில்லை.

கடைசியில் இரும்பு ஸ்கேல்.
கீழே எஞ்சின் கப்பியின் முகத்தில் ஒட்டவைத்து
மேலே ஆல்டர்நேட்டர்வரை நீட்டினேன்.
தொட வேண்டிய இடத்தில் தொடவில்லை.
இடையே வெளிச்சம் தெரிந்தது,
மெல்லிய, வெட்கமில்லாத வெளிச்சம்.
இரண்டு மில்லிமீட்டர். கொஞ்சம் கூடவே இருக்கலாம்.

"இந்த ஆல்டர்நேட்டரை எவன் மாட்டினான்?"
கேட்க வாயெடுத்தேன்.
பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது கேள்வி.

அக்டோபர். கரண்ட் போன மாலை.
வெளிச்சத்துக்குப் போனை வாயில் கவ்வியிருந்தேன்.
ஆறு மணிக்கு மைத்துனன் மகளுக்கு ஞானஸ்நானம்,
ஹஸ்மிக் நாலுமுறை கூப்பிட்டாள்,
நாலுமுறையும் என் பற்கள் அதிர்ந்தன.
பழையதை இறக்கினேன், புதியதை ஏற்றினேன்,
மூன்று போல்ட், முறுக்கினேன், கைகழுவினேன்.

ஜன்னலோரம் ஒரு காபி டப்பா.
எந்த வண்டியில் மிஞ்சியவை என்று தெரியாத
திருகுகள், வளையங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று.
கொட்டினேன்.
ஒன்று மட்டும் உருண்டு, வட்டமடித்து,
அவள் கையருகே போய்ப் படுத்தது.
காலிப்பர் வைத்தேன்.
இரண்டு புள்ளி ஒன்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
பாவம் என் டப்பாவிலேயே இருந்தது,
நாலு மாதமாக, துருப்பிடிக்காமல்.

"என்ன அது?" என்றாள்.
சொல்லாமல் மாட்டியிருக்கலாம்.
புது பெல்ட் கீச்சிடாமல் ஓடியிருக்கும்.
கெவோர்க் இன்னும் கொஞ்ச நாள்
அயோக்கியனாக இருந்துவிட்டுப் போவான்,
அவனுக்கு அது பழக்கம்தான்.
சொன்னேன்.
என்ன வார்த்தையில் என்று நினைவில்லை.
அடுப்பில் கட்டை வெடித்ததும்
அவள் கையுறைகளைக் கழற்றியதும் நினைவிருக்கிறது.

கத்துவாள் என்று நினைத்தேன். கணக்குப் போட்டாள்.
மூன்று பெல்ட், இழுத்து வந்த கூலி,
வனாட்ஸோர் கடைகளுக்குப் போகாத ஒரு நாள்.
கூட்டி, அடிக்கோடிட்டு, என் பக்கம் தள்ளினாள்.
"இது எனக்கு. கெவோர்க்கிடம் நீயே போ.
எல்லாரும் கேட்கத் திட்டினேன்.
எல்லாரும் கேட்கச் சொல்."

வளையத்தை அதன் இடத்தில் வைத்து முறுக்கினேன்.
மறுபடி ஸ்கேல். வெளிச்சம் போயிருந்தது.

இன்று சனிக்கிழமை, சந்தையில் கூட்டம்.
கெவோர்க் கடையில் எனக்கு முன்னால் ஏழு பேர்.
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறேன்.
சுவர் முழுக்க ஆணிகளில் பெல்ட்டுகள் தொங்குகின்றன,
ஒன்றுகூட ஓரம் நையாமல்.
ஆறு பேர்.