நூல்தான் கோணல்

சுவர்த்தாள் ஒட்டுகிறவன் நானூறு யூரோ கேட்டான்.
"காகிதம், பசை, சுவர். மூன்றே சாமான்.
இதற்கு நானூறா?" என்றான் வைதோதாஸ்.
கெட்ட காலம் இப்படித்தான்
மூன்றே சாமானோடு வீட்டுக்குள் வரும்.

கவுனாஸில் மழை விடாத ஒரு வெள்ளிக்கிழமை
தள்ளுபடியில் ஏழு சுருள் வாங்கி வந்தான்.
வெளிர்பச்சையில் செங்கால் நாரைகள்.
ஒரு சுருள் மட்டும் கொஞ்சம் மஞ்சள்,
காமாலை கண்ட கூட்டம்.

ஞாயிறு மதியம் கிளைப்பெடாவிலிருந்து
என் அக்கா வருகிறாள்.
அவள் வீட்டு நடையில் பளிங்கு.

தூக்குக்குண்டு இல்லை.
நான்காம் மாடி ப்ரோனியுஸ் கொண்டுவந்தார்,
கூடவே தன்னையும்.
தொங்கவிட்டுப் பார்த்தோம்:
சுவர் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம்.
"நூல்தான் கோணல்" என்று தீர்ப்பளித்தார்.
எழுபத்து நாலில் இந்தக் கட்டடத்துக்குச்
சிமெண்ட் குழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

பசை, ஆறிப்போன ரவைக் கஞ்சி மாதிரி
கட்டி கட்டியாய்.
கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற ஆளை
எனக்கு அதுவரை நேரில் தெரியாது.
அன்று பார்த்தேன், ஏணியின் மேல்,
ஒவ்வொரு நாரையின் உச்சந்தலையிலும்
ஒரு கரண்டி வைத்துக்கொண்டு.

மூன்று பட்டை முடித்து இறங்கினான்.
இடுப்பில் கைவைத்துப் பின்னால் நகர்ந்து
பசைத் தட்டில் கால் வைத்தபடி
பார்த்தான்.
மூன்றிலும் நாரைகள் தலைகீழ்.

கொஞ்ச நேரம் குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.
"தவளை பிடிக்கக் குதிக்கின்றன."
"எதில்?"
"தரையில்."

நான்காவதிலிருந்து நேராக நின்றன.
பாதிச் சுவர் சர்க்கஸ்,
மீதி பள்ளிக்கூடப் பிரார்த்தனை.

பிறகு வேகம் பிடித்துவிட்டது அவனுக்கு.
வேகம் பிடித்த மனிதனுக்குக்
கதவு என்ன, சுவர் என்ன.
அதோடு, கைப்பிடிகளையெல்லாம் கழற்றித்
துலக்கி ஜன்னலோரம் வைத்திருந்தேன்.
நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இரவு ஒன்பதுக்கு முடிந்தது.
கைதட்டினேன். நிஜமாகவே அழகுதான்,
கண்ணைப் பாதி மூடினால்.
"ப்ரோனியுஸ் எங்கே?"
"கீழே போயிருப்பார்."
அவர் செருப்பு வாசலில் இருந்தது.

அப்போது கடைசிப் பட்டையில்,
மஞ்சள் நாரை ஒன்றின் வயிற்றிலிருந்து
ஒரு குரல், கோபமே இல்லாமல்:
"ஸ்கிர்மந்தே, உன் வெள்ளரி ஊறுகாய்க்குச்
சதகுப்பை போதாது."

சரக்கறை!
எப்போது உள்ளே போனார் என்று கேட்கவில்லை.
இரண்டாவது ஜாடியில் இருந்தார்.

தட்டித் தட்டி விளிம்பைத் தேடி
ரொட்டிக் கத்தியால் அறுத்தோம்,
முதலில் தவறான இடத்தில்.
வெளியே வந்தவர் சுற்றிலும் பார்த்தார்,
தலையைச் சாய்த்தார், இன்னும் சாய்த்தார்.
"சொன்னேனே" என்றார், "நூல்தான்."

ஞாயிறு, அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் கழிவறைக்குப் போகையில்
முதல் மூன்று பட்டை தாண்டும்வரை
அவள் தலை தானாக ஒரு தோளில்
சாய்ந்துபோனதைப் பார்த்தேன்.

நானூறு யூரோ பத்திரமாக இருக்கிறது.
சரக்கறையைத் திறக்கும்போதெல்லாம்
ஒரு நாரை இரண்டாகிறது.
உடல் கதவோடு போய்விட
கால்கள் மட்டும் சுவரில் நின்று காத்திருக்கின்றன,
நான் வெள்ளரி எடுத்துக்கொண்டு திரும்பும்வரை.